மூலம்: வெட்கம் வேண்டாம், விழிப்பு வேண்டும்

மூலம் என்றதும் நம்மில் பலர் பேச்சை மாற்றிவிடுகிறோம். சொல்லக் கூச்சப்பட்டே பலர் மாதக்கணக்கில் அவதிப்படுகின்றனர்.

ஆசனவாயைச் சுற்றி எல்லாருக்கும் இரத்தக் குழாய்கள் உண்டு. மலச்சிக்கலால் முக்குவது, கைப்பேசியோடு கழிப்பறையில் நெடுநேரம் அமர்வது, கர்ப்பகாலம் ஆகியவற்றால் அவை வீங்குவதே மூலம். உள்மூலத்தில் பெரும்பாலும் வலியிருக்காது, இரத்தம்தான் வரும். வெளிமூலம் வலிக்கும், அரிக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்? அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, நாளுக்கு இரண்டு மூன்று முறை, 10 முதல் 15 நிமிடம் அதில் உட்காருங்கள். வலியும் அரிப்பும் தணியும். காலையில் ரொட்டி சானாய், மதியம் வெள்ளைச் சோறு என்றிருந்தால் நார்ச்சத்து எங்கிருந்து வரும்? கீரை, கொய்யா, பப்பாளி, பருப்பு வகைகளைச் சேருங்கள். நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவை. அதைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள்; தண்ணீரும் நிறையக் குடியுங்கள். மலம் வரும் உணர்வை அடக்காதீர்கள். கழிப்பறையில் அமரும்போது காலடியில் சிறு முக்காலி வைத்தால் முக்க வேண்டியிராது.

ஆனால் ஒன்று. "அப்பாவுக்கும் மூலம், எனக்கும் அதுதான்" என்று நாமே முடிவு கட்டக் கூடாது. பெருங்குடல் புற்றுநோயிலும் இரத்தம் வரும். இரத்தம் கண்டால் ஒருமுறையேனும் மருத்துவரிடம் காட்டுங்கள். மலம் கறுத்தாலோ, எடை குறைந்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் மாறினாலோ தாமதிக்கவே வேண்டாம். மருத்துவருக்கு இது அன்றாடம் பார்க்கும் நோய், கூச்சம் நமக்குத்தான்.