பறிபோன பெயர்களும் பறிபோகாப் பாட்டும்

வகுப்பில் ஒரு நாள் ஆபிரகாம் இலிங்கனைப் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "ஐயா, அந்நாட்டுக் கறுப்பின மக்களின் தாய்மொழி எது?" என்று ஒரு மாணவன் வினவினான். "ஆங்கிலந்தான்" என்றேன். "அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்றீர்களே, அங்கே ஆங்கிலமா பேசினார்கள்?" என்று மீண்டும் கேட்டான். எனக்கு வாயடைத்துப் போயிற்று. மொழியே உயிர் என்று மேடைதோறும் முழங்குகின்ற நான், ஓரினத்தின் வாயிலிருந்து அதன் மொழி எவ்வாறு போயிற்று என்று ஒருகாலும் எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வினாவிற்குப் பின் தேடிப் படித்தவற்றுட் சிலவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1866 வரை, அத்திலாந்திக்கு மாகடல் வழியே அடிமைகளாக ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 125 இலக்கம் பேர். கரை சேர்ந்தவர் 107 இலக்கம். எஞ்சிய 18 இலக்கம் உயிர்களும் கடலிலே மாண்டன. கப்பற் கணக்கேடுகளைத் தொகுத்து ஆய்வாளர் கண்ட தொகை இது. இவருள் 48 இலக்கத்துக்கும் மேற்பட்டோர் பிரேசிலில் இறக்கப்பட்டனர். இன்றைய அமெரிக்க ஒன்றிய நாட்டு நிலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து நேரே இறக்கப்பட்டவர் 4 இலக்கத்துக்கும் குறைவே. பெரும்பகுதியினரை விழுங்கியது கரும்புத் தோட்டந்தான். நாம் நாவில் இட்டுச் சுவைக்கின்ற இனிப்புக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு.

அக்கணக்கேடுகளில் ஆண் இத்துணை, பெண் இத்துணை, சிறுவர் இத்துணை என்று தலைக்கணக்கு இருக்கும். பெயர் இருப்பது அரிதினும் அரிது. கரையில் விலைக்கு வாங்கிய ஆண்டை தன் விருப்பப்படி ஒரு பெயரை இடுவான். 1789-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்ட ஒலாவுதா எக்குவியானோ, தமக்கு முதலில் மைக்கேல் என்றும், பின் யாக்கோபு என்றும், அதன்பின் குசுத்தாவசு வாசா என்றும் பெயரிட்டதாகக் கூறுகிறார். மூன்றாம் பெயரை ஏற்க மறுத்ததற்கு அறை வாங்கினாராம். அடிமேல் அடி விழவே, அப்பெயருக்கு 'ஏன்' என்று குரல் கொடுக்க வேண்டியதாயிற்று.

மொழியின் நிலையும் அதுவே. ஒரே மொழியினர் ஒன்றுகூடினால் கிளர்ச்சி எழும் என்று அஞ்சிப் பல மொழியினரைக் கலந்து வைப்பது நலம் என்று ஆண்டைகள் எண்ணினர். இஃது எல்லா இடத்தும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரே கரையிலிருந்து வந்தோர் ஒரே வட்டாரத்திற் குவிந்த இடங்களும் உண்டு. ஆனால் அச்சம் மெய்யானது. 1739-இல் தென் கரோலினாவில் சுதோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே, 1740-இல், ஒரு சட்டம் பிறந்தது. அடிமைக்கு எழுதக் கற்பிப்பவனுக்கு 100 பவுன் தண்டம். முரசும் ஊதுகொம்பும் அடிமை கையில் இருத்தல் ஆகாது. துமுக்கிக்கு அஞ்சுவது இயல்பு. எழுத்தாணிக்கும் தோற்கருவிக்கும் அஞ்சினார்கள் பாருங்கள்!

அதே கரோலினாவின் கடலோரத் தீவுகளிலேதான் ஒரு வியப்பு நிகழ்ந்தது. அங்கே விளைந்தது நெல். நெல் விளைக்கத் தெரிந்தவரை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து, சியெரா லியோன் பக்கத்துப் பன்சு தீவுக் கோட்டை வழியாக, விரும்பி வாங்கினர். சேற்று நிலத்து முறைக்காய்ச்சலுக்கு அஞ்சிக் கோடையில் ஆண்டைகள் நகருக்குப் போய்விடுவர். ஆகவே அம்மக்கள் பெரிதும் தம்முள்ளேயே பேசி வாழ்ந்தனர். அவர்தம் பேச்சுக்குக் 'கல்லா' என்று பெயர். நம் செவிக்கு அது 'கல்லாதவர்' என்று ஒலிக்கலாம். கற்றவர் பலரும் உண்மையில் அப்படித்தான் கருதினர். ஆங்கிலத்தைச் சரியாகப் பேசத் தெரியாதவர் சிதைத்த கொச்சை என்று எழுதியும் வைத்தனர்.

அதனைப் பொய்ப்பித்தவர் கறுப்பினத்தவரான இலாரன்சோ தர்னர் என்னும் பேராசிரியர். 1929-இல் தென் கரோலினாவில் பாடம் நடத்தச் சென்றவிடத்தே மாணவர் வாயில் அப்பேச்சைக் கேட்டார். தீவு தீவாகச் சென்று ஒலிப்பதிவு செய்தார். அது போதாதென்று இலண்டனுக்குச் சென்று ஆப்பிரிக்க மொழிகளைப் பயின்றார். ஏறத்தாழ 20 ஆண்டு உழைப்பின் பயனாக 1949-இல் அவர் நூல் வெளிவந்தது. ஏறத்தாழ 4,000 ஆப்பிரிக்கச் சொற்கள் அதில் உள்ளன. எள்ளுக்குப் 'பென்னே' என்கின்றனர். மேற்கு ஆப்பிரிக்கச் சொல். வேர்க்கடலைக்குக் 'கூபர்'; காங்கோ, அங்கோலாப் பக்கத்துச் சொல். வேர்க்கடலை பிறந்ததோ தென் அமெரிக்காவில்! அங்கிருந்து ஆப்பிரிக்கா சென்று, அங்கே புதுப்பெயர் பெற்று, அப்பெயர் அடிமையின் நாவில் ஏறி மீண்டும் அமெரிக்கா வந்திருக்கிறது.

ஆனால் அந்த 4,000-இல் மிகப் பெரும்பகுதி ஆட்பெயர்கள். வெளியாருக்குச் சொல்ல ஓர் ஆங்கிலப் பெயர். வீட்டுக்குள் அழைக்க வேறொரு பெயர். அவ்வீட்டுப் பெயரைக் 'கூடைப் பெயர்' என்பர். முன்னே சென்ற ஆய்வாளர்க்கு அது கிட்டாமைக்குக் காரணம், அவர்களிடம் எவரும் அதனைச் சொல்லாமையே. ஏட்டில் ஆண்டை அழித்த பெயரைத் தாய்மார் தொட்டிலில் எழுதி வைத்திருந்தனர்.

1930-களின் தொடக்கத்தில் சியார்சியாக் கடற்கரையில் அமேலியா என்னும் அம்மையார் தர்னருக்கு ஒரு பாட்டுப் பாடினார். சில அடிகளே. அது பாட்டியிடமிருந்து வழிவழி வந்தது. எம்மொழி, என்ன பொருள் என்று அவருக்கே தெரியாது. சியெரா லியோன் மாணவர் ஒருவர் அதனைக் கேட்டு, மெண்டே மொழி என்று கண்டறிந்தார். அமேலியா 1955-இல் மறைந்தார். 1990-இல் ஆய்வாளர் சிலர் அப்பாட்டோடு சியெரா லியோன் சென்று ஊர் ஊராகத் தேடினர். செனேகுன் இங்கோலா என்னும் சிற்றூரில் பெந்து என்னும் பெண்மணி அதன் சொற்களைத் தாமும் பாடினார்! இறந்தோர்க்குக் கல்லறையருகே பெண்கள் பாடும் பாட்டு அது. அமேலியாவின் குடும்பமோ அதனைக் குழந்தை விளையாட்டுப் பாட்டு என்றே எண்ணியிருந்தது. உள்நாட்டுப் போர் குறுக்கிட்டமையால் 1997-இல்தான் அமேலியாவின் மகள் மேரி மோரன் அவ்வூருக்குச் செல்ல முடிந்தது. ஒருவன் யார் என்பதை அவன் அழும் மொழியால் அறியலாம் என்பது மெண்டேயர் வழக்கு. நம் தாய்மாரும் ஒப்பாரியை ஆங்கிலத்தில் வைப்பதில்லை.

இனி நம்மவரைப் பற்றி ஒரு சொல். பிரெஞ்சுக்காரர் 1848-இல் அடிமை முறையை ஒழித்தனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! 1853 முதல் புதுவை, காரைக்கால் துறைகளில் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றி மார்த்தினீக்கு, குவாதலூப்புத் தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலோர் தமிழர். துன்பம் மிகுதிதான். ஆயினும் அவர்கள் விலைக்கு விற்கப்படவில்லை. அவர்தம் பெயர்களும் ஏட்டில் எழுதப்பட்டன. அப்படியிருந்தும் சில தலைமுறைகளுக்குள் வீட்டில் தமிழ் நின்றுபோயிற்று. பள்ளியில் பிரெஞ்சு, வயலில் கிரியோல். மாரியம்மன் அங்கே 'மாலியெமென்' ஆனாள். வழிபாட்டில் பாடும் பாட்டு மட்டும் தமிழ். பாடுவோரிலும் கேட்போரிலும் பெரும்பாலோர்க்குப் பொருள் விளங்காது.

இவற்றையெல்லாம் பின்னொரு நாள் அவ்வகுப்பிலேயே சொல்லி, என் பழைய விடை தவறு என்றும் ஒப்புக்கொண்டேன். அம்மாணவன் விடவில்லை. "அப்படியானால் அந்தத் தீவில் பாடுகின்ற பூசாரியின் தாய்மொழி எது, ஐயா?" என்று கேட்டான். அவனுக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.