குதிரைப்படையின் பிணமும் நம்ம பிணமும்

(சுவாமிமலையில் திரையிடலுக்குப் பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)



ஒன்றேகால் மணி நேரம் ஒரு பழைய குதிரைப்படைப் படம் பார்த்தோம். 'செவன்த் கேவல்ரி'. ஏழாவது குதிரைப்படை. 1956இல் ஜோசப் எச். லூயிஸ் இயக்கி, ராண்டால்ஃப் ஸ்காட் நடித்தது. சிறு செலவுப் படம். "இதை எதுக்குத் தோழர் போட்டீங்க? சுவாமிமலைக்கும் அமெரிக்கக் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல முயற்சி செய்கிறேன்.

உலக சினிமா என்று சொல்லி நாம் பெரிய படங்களாகப் போடுகிறோம். அவற்றில் அழகு இருக்கும், அந்த அழகுக்குள் அதிகாரம் பதுங்கிக்கொள்ளும். மலிவான படத்தில் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். உள்ளே இருக்கிற சரக்கு என்ன என்று தெரிந்துவிடும். அதனால்தான் இந்தப் படம்.

கதையைச் சுருக்கமாக ஞாபகப்படுத்துகிறேன். கேப்டன் பென்சன் தன்னை மணக்கப்போகிற பெண்ணை அழைத்துவரப் போயிருக்கிறான். அந்த நேரத்தில் அவனுடைய தளபதி கஸ்டர் லிட்டில் பிக்ஹார்னில் படையோடு அழிந்துபோகிறான். திரும்பி வந்தால் கோட்டை வெறிச்சோடிக் கிடக்கிறது. "நீ மட்டும் எப்படித் தப்பினாய், கோழையா?" என்று கேட்கிறார்கள். விசாரணை நடக்கிறது. கஸ்டர் செய்தது தவறு என்று சிலர் சொல்கிறார்கள், பென்சன் அவனுக்காக வாதாடுகிறான். பிறகு, செத்த அதிகாரிகளின் உடல்களை மீட்டுவர உத்தரவு வருகிறது. பென்சன் சிறையில் கிடந்த குடிகாரச் சிப்பாய்களைத் திரட்டிக்கொண்டு போகிறான். சூ மக்கள், "இது எங்கள் புனித பூமி, தோண்டாதே" என்று சுற்றி வளைக்கிறார்கள். அப்போது கஸ்டரின் குதிரை ஆள் இல்லாமல் ஓடி வருகிறது. கஸ்டரின் ஆவிதான் வந்துவிட்டது என்று அவர்கள் மிரண்டு வழிவிடுகிறார்கள். பிணங்கள் கௌரவமாகத் திரும்புகின்றன. படம் முடிகிறது.

ஆக, இது சண்டைப் படம் இல்லை. பிணத்தைப் பற்றிய படம். எவனுடைய பிணத்துக்கு மரியாதை, அந்தப் பிணம் போக எவன் வழிவிட வேண்டும் என்பதுதான் இதன் விஷயம். இப்போது சுவாமிமலைக்கும் இதற்கும் சம்பந்தம் தெரிகிறதா?

நான் வங்கியில் கிளார்க். எங்கள் தொழிலில் ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுத வேண்டும். இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது. ஹாலிவுட் ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனது. அது எழுதாத பக்கத்தை நாம் எழுதுவோம்.

1868இல் ஃபோர்ட் லாரமி ஒப்பந்தத்தில் பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி சூ மக்களுக்கு என்று அமெரிக்க அரசே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அதே வருஷம் நவம்பர் 27 விடியலில், வாஷிட்டா ஆற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருந்த செயேன் மக்களின் குடியிருப்பைத் தாக்கியது கஸ்டரின் ஏழாவது குதிரைப்படை. 1874இல் இதே கஸ்டர் பிளாக் ஹில்ஸுக்குள் படையோடு போனான். தங்கம் இருக்கிறது என்று தெரிந்தது. ஒப்பந்தம் காற்றில் போனது. 1876 ஜூன் 25இல் லிட்டில் பிக்ஹார்ன் கரையில் கூடியிருந்த லக்கோட்டா, செயேன் மக்களை அவன் தாக்கப் போனான். அவர்கள் திருப்பி அடித்தார்கள். கஸ்டரும் அவனோடு நேராகப் போன இருநூறுக்கும் மேற்பட்டவர்களும் செத்தார்கள். இந்த முன்கதை படத்தில் எங்கே இருக்கிறது? படம் கஸ்டரின் சாவிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடந்ததை வெட்டிவிட்டால், நிலத்தைக் காப்பாற்றியவன் கொலைகாரனாகிவிடுவான். நம்ம ஊர்ப் பத்திரிகையில் "இரு பிரிவினர் மோதல்" என்று செய்தி போடுகிறானே, அதே வெட்டுத்தான்.

படத்தில் வருகிற மாயக் குதிரை வரலாற்றில் வரவில்லை. 1877இல் ராணுவம் போய் அதிகாரிகளின் எலும்புகளை எடுத்துவந்தது. கஸ்டரை வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மரியாதையோடு புதைத்தார்கள். சாதாரணச் சிப்பாய்கள் அந்த மேட்டிலேயே கிடந்தார்கள். வெள்ளைக்காரனுக்குள்ளேயே மேல் பிணம், கீழ்ப் பிணம் இருந்தது பாருங்கள்.

அடுத்த பக்கம். 1890 டிசம்பர் 29. இடம் வூண்டட் நீ. அதே ஏழாவது குதிரைப்படை, சரணடைந்திருந்த லக்கோட்டா மக்களைச் சுட்டுத் தள்ளியது. பெண்கள், குழந்தைகள் உட்பட 250க்கு மேல். பனியில் விறைத்துக் கிடந்த உடல்களைச் சில நாள் கழித்துப் பொறுக்கி வந்து ஒரே குழியில் தள்ளினார்கள். சுட்டவர்களில் சுமார் இருபது பேருக்கு அந்த நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கம். அந்தக் குழியைப் பற்றி இந்தப் படம் மூச்சுவிடவில்லை. டிசம்பர் என்றால் நமக்கு வெண்மணி ஞாபகம் வரும். 1968 டிசம்பர் 25இல் 44 பேர். உயர்நீதிமன்றத்தில் மிராசுதார்கள் விடுதலையானதும் நமக்குத் தெரியும்.

அந்த மாயக் குதிரையை இன்னொரு தரம் யோசியுங்கள். "இது எங்கள் மண்" என்று சொன்னது ஓர் அரசியல் வாதம். படம் அதற்குப் பதில் சொல்லவில்லை, சொல்ல முடியாது. அதனால் பேசுகிறவனை மூடநம்பிக்கைக்காரனாக்கி, ஒரு குதிரையைக் காட்டி மிரட்டி அனுப்பிவிடுகிறது. எதிராளியின் நியாயத்தை அறியாமையாக மாற்றுவது ஆதிக்கத்தின் பழைய வித்தை. நாம் கூலி கேட்டால் "யாரோ தூண்டிவிடுகிறார்கள்" என்பதும், சுடுகாட்டுக்குப் பாதை கேட்டால் "பிணத்தை வைத்து அரசியல்" என்பதும் இதே வித்தைதான்.

2016 ஜனவரியில், மயிலாடுதுறை பக்கத்துத் திருநாள்கொண்டச்சேரியில் என்ன நடந்தது? நூறு வயதான ஒரு தலித் பெரியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்று உறவினர்கள் கேட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் சரி என்றது, பாதுகாப்பு கொடுக்கச் சொன்னது. ஆதிக்க சாதியினர் மறித்தார்கள். அங்கேயும் படை வந்தது. வந்து என்ன செய்தது? நீதிமன்றம் சொன்ன பாதையைத் திறக்கவில்லை. உறவினர்களின் எதிர்ப்பை மீறி உடலைத் தானே தூக்கி, வேறு பாதையில் கொண்டுபோய் அடக்கம் செய்தது. அங்கே பிணத்துக்கு வழி திறக்கப் போன படை, இங்கே வழியை மூடிவிட்டுப் பிணத்தைப் பறித்துக்கொண்டு போனது.

காவிரிக் கரையில் பிறந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சாவு விழுந்தால் பாடை வாய்க்காலில் இறங்க வேண்டும். நட்ட வயலில் முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும். "நாத்து மிதிபடுதுடா" என்று வரப்பில் நின்று ஒருத்தன் கத்துவான். அந்த நாத்தை நட்டது யார்? இழவு சொல்லப் போனது யார்? தப்படித்தது, குழி வெட்டியது, கட்டை அடுக்கியது யார்? ஊர்ப் பிணத்துக்கெல்லாம் வழியனுப்பு வைத்தவனின் பிணத்துக்கு வழியில்லை.

இந்தச் சுவாமிமலை சிலை வார்க்கிற ஊர். ஸ்ரீபுரந்தானில் திருடுபோன நடராசர் ஆஸ்திரேலியா வரைக்கும் போய், 2014இல் ஒரு நாட்டுப் பிரதமர் இன்னொரு பிரதமர் கையில் கொடுக்கத் திரும்பி வந்தார். வரட்டும், திருடியதைத் திருப்பத்தான் வேண்டும். ஆனால் சிலைக்குக் கடல் தாண்டி வழி கிடைக்கிற நாட்டில், மனிதனுக்குத் தெருவைத் தாண்டி வழி இல்லை என்பதையும் சேர்த்துத்தான் எழுதியாக வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது நமக்குக் கசப்பானது. குதிரை மேல் வெள்ளைக்காரன் மட்டும் ஏறவில்லை. அடிமைத்தளை அறுந்த கறுப்பர்களைக் கொண்டு 1866இல் ஒன்பதாவது, பத்தாவது குதிரைப்படைகளை அமெரிக்கா அமைத்தது. வூண்டட் நீ படுகொலைக்கு மறுநாள் லக்கோட்டா வீரர்களிடம் மாட்டிக்கொண்ட ஏழாவது படையைக் காப்பாற்றியது அந்தக் கறுப்பர்களின் ஒன்பதாவது படைதான். ஒடுக்கப்பட்டவன் கையாலேயே இன்னொரு ஒடுக்கப்பட்டவனை அடக்குகிறது அதிகாரம். படத்தில் எக்காளம் ஊதியபோது இந்தக் கூடத்தில் யாரோ விசில் அடித்தார்கள். விசிலடித்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. அந்த விசில் நம்ம வாய்க்குள் எப்படி வந்தது என்றுதான் கேட்கிறேன். காக்கி போடப்போகிற நம்ம பிள்ளைகளும் ஒருநாள் இந்தக் கேள்வியைச் சந்திப்பார்கள். வேலைக்குப் போகாதே என்று சொல்ல நான் யார்? எவன் பக்கம் குதிரையைத் திருப்புகிறோம் என்று தெரிந்துகொண்டு போகச் சொல்கிறேன்.

விமர்சனம் வெறும் பேச்சோடு நின்றால் படத்தைப் போட்டதே வீண். வந்திருக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை. அவரவர் ஊரில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 'அ' பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பாருங்கள். சேரிக்கு மயானம் எந்தப் புல எண்ணில் இருக்கிறது, அதற்குப் பாதை பதிவாகியிருக்கிறதா, பதிவான பாதை இப்போது யார் வயலுக்குள் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மனு எழுத நான் கூட உட்காருகிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு தாளோடு வாருங்கள். சம்பா நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்பதற்குள் வாருங்கள்.

இனி நீங்கள் பேசுங்கள்.