கருப்பையின் பழைய தழும்பு

பிரசவ காலத்தில் நேரக்கூடிய இடர்களுள் அரிதானதும் மிகக் கொடியதும் கருப்பை கிழிதலாகும். முன்னர் வெட்டுக் காணாத கருப்பை கிழிவது வெகு அபூர்வம். சிசு குறுக்கே கிடந்து பிரசவம் நெடுநேரம் தடைப்படுதல், பல பிள்ளைகளைப் பெற்றிருத்தல், நோவைத் தூண்டும் மருந்து அளவு மீறுதல் என்பன அதற்குக் காரணங்களாம்.

பெரும்பாலும் கிழிவது பழைய சத்திரசிகிச்சைத் தழும்பே. ஆயினும், சத்திரசிகிச்சையாற் பிள்ளை பெற்ற தாய்மார் யாவர்க்கும் ஆபத்து ஒரே அளவினதன்று. கருப்பையின் கீழ்ப்பாகத்திற் குறுக்காக வெட்டப்பட்டவர், அடுத்த முறை இயற்கையாகப் பிரசவிக்க முயலும்போது, 200 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே தழும்பு கிழிகின்றது. மேற்பாகத்தில் நெடுக்காக வெட்டப்பட்டவர்க்கோ ஆபத்துப் பன்மடங்கு. அவர்க்கு நோவு தொடங்குமுன்னரே சத்திரசிகிச்சை செய்வர். 1920களில் கிளாஸ்கோ நகர வைத்தியர் மன்றோ கெர் கீழ்க் குறுக்கு வெட்டை வலியுறுத்தியமை எத்துணை நன்மையாயிற்று என்பது இதனாற் புலனாகும்.

வயிற்றுத் தோலின் தழும்பைக் கண்டு உள்வெட்டின் போக்கைக் கூற இயலாது. தோலிற் குறுக்காகவும் கருப்பையில் நெடுக்காகவும் வெட்டியிருத்தல் கூடும். ஆதலின், சத்திரசிகிச்சை பற்றிய வைத்தியசாலைக் குறிப்பைத் தாய்மார் பத்திரப்படுத்தி, மறுபடி கருவுற்றதும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இத்தகையோரின் பிரசவம், உடனடியாகச் சத்திரசிகிச்சை செய்யவும் குருதி ஏற்றவும் வசதியுள்ள வைத்தியசாலையிலேயே நிகழவேண்டும். சிசுவின் இருதயத் துடிப்புத் தளர்தலே பெரும்பாலும் முதல் அறிகுறி. ஓயாத வயிற்றுவலி, குருதிப்போக்கு, நோவு திடீரென நின்றுபோதல் என்பனவும் தோன்றலாம். அவ்வேளையில் தாயும் சேயும் பிழைப்பது சில நிமிடங்களிலேயே தங்கியுள்ளது.