வாயை இறுக்கும் பாக்கு

மங்கல காரியம் எதுவாயினும் தமிழர் இல்லத்தில் முதலில் எடுத்து வைக்கப்படுவது தாம்பூலத் தட்டு. திருமணத்தை உறுதி செய்வதும் விருந்தினை நிறைவு செய்வதும் வெற்றிலையும் பாக்குமே. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அவை உழைப்பின் துணையாகவும் அமைந்துவிட்டன. அதிகாலைக் குளிரில் பிரட்டுக்களத்திற்குப் புறப்படும்பொழுதும், ஹட்டன், நுவரெலியா மலைச்சரிவுகளில் மழையில் நனைந்தபடி கொழுந்து பறிக்கும்பொழுதும், பசியையும் அலுப்பையும் மறக்கச் செய்வது மடியிலுள்ள வெற்றிலைப் பையே. இத்துணை நெருங்கிய பொருளைக் குறைகூறுவது எவர்க்கும் எளிதன்று. ஆயினும் அதனால் விளையும் நோயொன்றை அறியாதிருப்பது பெருந்தீங்காகும்.

அந்நோய் ஆரவாரமின்றி வரும். முதலில் காரமான குழம்பு பட்டவுடன் வாய் எரியும். பின்னர்க் கன்னத்தின் உட்புறம் செந்நிறமிழந்து வெளிறும். விரலால் தடவினால் கயிறு போன்ற தடிப்புகள் தட்டுப்படும். நாளடைவில் வாய் திறக்கும் அளவு குறையும். சோற்றுக் கவளமும் சிறிதாகும். வாயின் மென்தோலுக்கு அடியில் நார்த்திசு பெருகி இறுகுவதே இந்நோய்.

நார் ஏன் பெருகுகிறது? உடலில் காயம்பட்டால் கொலாஜன் என்னும் நார்ப்பொருளைக் கொண்டு உடல் அவ்விடத்தை ஒட்டவைக்கிறது. மிகுதியானதைப் பின்னர்த் தானே கரைத்துவிடுகிறது. பாக்கு இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. அதிலுள்ள அரெக்கோலின் நாரை உண்டாக்கும் செல்களைத் தூண்டுகிறது. துவர்ப்புப் பொருள்கள் நாரைக் கரையவிடாமல் தடுக்கின்றன. செம்புச் சத்து நாரிழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதிக்கு வலுவூட்டுகிறது. கட்டுவது மிகுந்து கரைப்பது குறைந்தால் இறுக்கம் வாராமல் என்செய்யும்?

இத்தகைய இறுக்கம் வாய்க்கு மட்டும் உரியதன்று. உள்ளங்கையில் தோன்றினால் விரல் மடங்கிவிடும். ஆணுறுப்பில் தோன்றினால் அது வளைந்து வலிதரும். 1743 ஆம் ஆண்டில் அதனை விவரித்த பிரெஞ்சு அறுவை வைத்தியர் பெய்ரோனியின் பெயராலேயே அந்நோய் வழங்குகிறது. கொலாஜனைக் கரைக்கும் ஊசிமருந்து ஒன்று, கைநோய்க்கு 2010 இலும் பெய்ரோனி நோய்க்கு 2013 இலும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பென்டொக்சிஃபிலின் என்னும் மருந்தோ, பெய்ரோனி நோய்க்கும் வாய்நோய்க்கும் ஒருங்கே ஆராயப்பட்டுள்ளது. இடம் வேறாயினும், பெருகிய நாரை எவ்வாறு தளர்த்துவது என்பதே அனைத்து ஆராய்ச்சிகளின் வினா.

வாய்நோயைப் பற்றிய அறிவு படிப்படியாக வளர்ந்தது. கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதனைக் கண்டு ஷ்வார்ட்ஸ் என்பவர் 1952 இல் அறிவித்தார். அடுத்த ஆண்டில் இந்தியாவிலிருந்து ஜோஷி எழுதினார். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் நோயாளரைப் பதினேழாண்டுகள் தொடர்ந்து கவனித்து, நூற்றுக்கு 7.6 பேர் வாய்ப்புற்றுக்கு ஆளாயினர் என 1985 இல் வெளியிட்டனர். பாக்கு தனித்தே புற்றுநோய் விளைவிக்கும் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகாமை தன் 2004 ஆம் ஆண்டு நூலில் உறுதி கூறியது. பேராதனைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாய்நோய்களை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டனர்.

"புகையிலையை விட்டாயிற்று; வெறும் பாக்குத்தானே!" என்று ஆறுதல் கொள்வோர் பலர். வாயை இறுக்குவது அப்பாக்கே என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.

இறுகிய வாயை முன்போலாக்கும் மருந்து இன்னும் கைவரவில்லை. ஸ்டீரொய்ட், ஹயலுரோனிடேஸ் ஊசிகளும் வாய்ப்பயிற்சியும் ஓரளவு உதவுகின்றன. மிக இறுகியபின் அறுவை தேவைப்படுகிறது. பாக்கை விட்டால் எரிச்சல் தணியலாம். ஏற்பட்ட இறுக்கம் பெரும்பாலும் தானே நீங்குவதில்லை. ஆகவே காலத்தோடு கண்டுகொள்வதே தலையாய வழி.

இலங்கையில் 1980களில் ஆரம்பச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து, கால் இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் வாயைப் பரிசோதிக்கச் செய்தனர். வாயில் மாற்றங்களை அவ்வூழியர்கள் திறம்படக் கண்டறிந்தனர். ஆனால் வைத்தியரிடம் செல்லுமாறு கூறப்பட்டவருள் பலர் செல்லவில்லை. தோட்டத்தில் இதன் காரணத்தைத் தேடி அலையவேண்டியதில்லை. வலியில்லாத வாய்க்காக நகரத்து வைத்தியசாலைக்குப் போனால் ஒருநாள் பேர் போய்விடும். பேர் போனால் அன்றைய சம்பளமும் போய்விடும். அந்த ஒருநாளைச் சேமித்தவர் பிற்காலத்தில் எத்தனை நாட்களை இழப்பார் என்பதை நினைத்துப் பார்த்தல் நன்று.

லயத்து வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. வாயை நன்கு திறந்து, தம் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையே செலுத்திப் பார்க்கலாம். நுழையாவிடினும், காரம் பட்டு வாய் எரிந்தாலும், ஆறாத புண்ணோ வெண்படலமோ தென்பட்டாலும் பல் வைத்தியரைக் காணவேண்டும். தாய்தந்தையர் மெல்லுவதைப் பார்த்துப் பிள்ளைகள் பாக்குக்குக் கை நீட்டும்போது, கொடாமல் மறுக்கும் உறுதி பெரியோருக்கு வேண்டும். தாம்பூலத் தட்டு சபையில் இருக்கட்டும். மரியாதைக்கு அதனைத் தொட்டு வணங்கினால் போதும்.