தண்ணீர்க் குளியல்

(சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்து மாணவர் விடுதியில் எல்லோரும் வைகறையில் தண்ணீரிலேயே குளித்தல் வேண்டும் என்றொரு விதி செய்யக் கருதியிருப்பதாகவும், அதன்பொருட்டுத் தண்ணீர்க் குளியலின் நன்மை குறித்துப் பேசவேண்டும் என்றும் செயலாளர் பணித்தனர். யாம் மருத்துவர் அல்லோம், தமிழ் கற்பிப்போம். ஆயினும் ஆறாண்டுகளாக நாடோறும் தண்ணீரிற் குளித்து வருகின்றோம் ஆதலின் உடன்பட்டோம்.

முதற்கண் ஒரு சொல்லாராய்ச்சி; தொழிற்பழக்கம், பொறுத்தருள்க. 'குளிர்த்தல்' என்பதே 'குளித்தல்' என மருவிற்று, ஆகலின் தமிழர் தண்ணீரிலேதான் குளிக்கவேண்டும் என்று மேடைதோறும் சொல்லக் கேட்கின்றோம். செவிக்கு இனிதேயெனினும் பொருந்துமாறில்லை. குளித்தல் என்பதற்குப் பழைய வழக்கில் மூழ்குதல் என்பதே பொருள். முத்துக்குளித்தல் என்னும் தொடர் இன்றளவும் அதற்குச் சான்று. நாம் இன்று குளித்தல் என்பதை முன்னோர் நீராடல், புனலாடல் என்றனர். 'தண்ணீர்' என்பதோ உள்ளபடியே தண்ணிய நீர், அதையும் விட்டோமா? 'சுடுதண்ணீர்' என்கின்றோம்!

இனி எம் அனுபவம். தாமிரபரணிக் கரையிற் பிறந்த எமக்கு ஆற்றுக் குளியல் இளமைப் பழக்கம். நகரிற் குடியேறிய பின்னர்க் கீசரும் வெந்நீருமாயினோம். நாற்பதை எட்டும் காலத்து, காலையில் எழுந்தால் ஒரு மந்தம். முதற் பாடவேளையில் மாணாக்கர்க்கு முன்னே ஆசிரியர்க்குக் கொட்டாவி. அதன்பின்னரே தண்ணீருக்குத் திரும்பினோம்.

முதல் வாரம் எளிதன்று. தோலிற் குளிர் திடுமெனத் தாக்கினால் மூச்சுத் திணறும், நெஞ்சு படபடக்கும். இஃது உடம்பின் இயல்பு; நாள்தோறும் பழகப் பழகத் தணியும். யாம் பாதத்தில் தொடங்கி, முழங்கால், இடுப்பு, தோள் என ஏறிக் கடைசியில் தலைக்கு ஊற்றினோம். இரண்டாம் வாரத்தில் திணறல் நின்றது. நீரின் வேற்றுமையும் அப்போதே விளங்கிற்று. நிலத்தடியின் வெப்பம் ஆண்டு முழுதும் பெரிதும் மாறாமையின், மார்கழி விடியலிற் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும். மாடித் தொட்டி நீரோ இரவுப் பனியிற் குளிர்ந்து கிடக்கும். சித்திரைப் பிற்பகலிற் கொதிக்கும். தாத்தா மார்கழியிற் குளித்தார் என்று பேரனைத் தொட்டிக் குழாயின்கீழ் நிறுத்துவோர் இதனை நினைக்க வேண்டும்.

பயன் யாதெனிற் சொல்லுவோம். தடுமன் எமக்கு ஆண்டிற்கு இருமுறை முன்போலவே வருகின்றது. ஆனால் காலை மந்தம் அகன்றது. தடுமன் பிடித்த நாளிலும் பள்ளிக்குப் போகும் ஊக்கம் குறையவில்லை. இது மனப்பிரமையோ என்று ஐயுற்றிருந்த காலத்து, நெதர்லாந்து நாட்டில் மூவாயிரத்துச் சொச்சம் பேரைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியைப் படித்தோம். வழக்கமான வெந்நீர்க் குளியலின் முடிவில் 30, 60, 90 விநாடிகள் தண்ணீரில் நிற்குமாறு சிலரைச் சில சில கூட்டமாகப் பிரித்து 30 நாள் பழக்கினர். தண்ணீரில் நின்றோர் நோயென்று வேலைக்கு விடுப்பெடுத்தது, நில்லாதோரைவிட நூற்றுக்கு 29 பங்கு குறைவு. நோயுற்ற நாட்களோ குறையவில்லை! 30 விநாடிக்கும் 90 விநாடிக்கும் வேற்றுமையும் இல்லை. எம் உடம்பு சொன்னதும் இதுவே. எனினும் தாம் தண்ணீரில் நிற்பதை அறிந்தே நின்றவர்களாதலின், அந்நம்பிக்கைக்கும் அதில் ஒரு பங்கு இருக்கக்கூடும்.

செருமானிய நாட்டுப் பாதிரியார் செபாஸ்தியான் நைப் என்பவர், இளமையில் நெஞ்சுநோயுற்று, 1849-ஆம் ஆண்டுக் குளிரில் தான்யூப் ஆற்றில் மூழ்கியெழுந்தனர், நலம் பெற்றனர், 1886-இல் நீர் மருத்துவ நூலும் எழுதிப் பெரும்புகழ் எய்தினர். அவர் பிழைத்தது மெய். ஆனால் அங்ஙனம் மூழ்கிப் பிழையாதோர் நூல் எழுதுவதில்லையே!

ஆகலின் விடுதி விதியை யாம் ஒப்பவில்லை. வெளியூரில் ஒரு விடுதியில், இழுப்பு நோயுள்ள சிறுவன் ஒருவனை 'சோம்பேறி' என்று வைது, ஐப்பசி மழையில் முற்றத்துக் குழாயடியில் நிறுத்தினர். மூச்சு வாங்கி உதடு நீலம் பாரித்தபின்னர்த்தான் மருத்துவமனைக்குத் தூக்கி ஓடினர். எம் மாணாக்கனாயிருந்தவன் ஆகலின் மூன்று நாள் அவன் படுக்கையருகில் இருந்தோம். பிழைத்தான். தண்ணீர் பழகாத இருதய நோயாளர்க்கும் இத்திடீர்க்குளிர் தீங்கே. இரத்த அழுத்தம் ஒருங்கே ஏறும். சித்த மருத்துவ நூலோரும் எண்ணெய் முழுக்கிற்கு வெந்நீரையே விதித்தனர்.

விரும்பும் பிள்ளைகள் தண்ணீரிற் குளிக்கட்டும்; நாளை விடியலில் வருவோருடன் யாமும் கிணற்றடிக்கு வருகின்றோம். ஐப்பசி முதல் தை முடிய, ஏனையோர்க்காக விடுதிக் கொல்லையில் ஓர் அடுப்பும் பெரிய அண்டாவும் வேண்டும். அண்டா எம் வீட்டில் ஒன்று சும்மா கிடக்கின்றது, கொண்டுவந்து தருகின்றோம். விறகுச் செலவைச் சங்கம் ஏற்குமாறு தலைவர் அவர்களை வேண்டிக்கொள்ளுகின்றோம்.