ஆள் வந்தால் திருட்டும் வருமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"திருப்பூர்ல இருக்கீங்க, பனியன் தொழிலைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்க" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். நிட்டிங் மெஷினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதிப் பேர் பந்திக்குக் கிளம்பிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் மெஷினை விட்டுவிட்டு, மெஷின் ஓட்ட வருகிற ஆட்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

திருப்பூரில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழும். "வெளியூர்க்காரன் வந்து சேர்ந்ததுக்கு அப்புறந்தானுங்க ஊர்ல திருட்டும் அடிதடியும் பெருத்துப் போச்சு." கம்பெனி ஆபீசிலும் இதே பேச்சுதான், வீட்டுச் சொந்தக்காரர்களிடமும் இதே பேச்சுதான். இது உண்மையா? கோபப்படாமல், ஒரு இன்ஜினியர் கணக்குப் போடுகிற மாதிரி இதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் வருகிறவர்கள் யார்? மழை பொய்த்துப்போன தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள்தான் முன்னோடிகள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோது டெல்டாவிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் உண்டு. கடந்த இருபது வருஷமாக ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் என்று வெள்ளமும் வறுமையும் தெரிந்த மாநிலங்களிலிருந்து ரயில் ரயிலாக வருகிறார்கள். சொந்த ஊரில் சோறு இருந்தால் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்து யாரும் கைமடிக்க மாட்டார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருப்பூர் நகரத் தொகுதியில் 1991-ல் சுமார் 3 லட்சம் பேர். 2001-ல் ஐந்தரை லட்சம். 2011-ல் 9 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். இருபது வருஷத்தில் ஊர் மூன்று மடங்கு ஆகியிருக்கிறது. அப்படியானால் திருட்டு வழக்குகளும் மூன்று மடங்கு ஆனால் என்ன அர்த்தம்? ஊர் முன்பு இருந்த மாதிரியே இருக்கிறது என்றுதான் அர்த்தம்! செக்கிங் டேபிளில் இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஒரு லைனில் 100 பீசுக்கு 4 டேமேஜ், இன்னொரு லைனில் 1,000 பீசுக்கு 30 டேமேஜ். 30-ஐப் பார்த்து இரண்டாவது லைன் சூப்பர்வைசரைத் திட்டுகிறவர் யாராவது உண்டா? சதவீதம் போட்டால் அவர்தான் நல்ல வேலைக்காரர். துணிக்குப் போடுகிற சதவீதத்தை மனிதர்களுக்கு மட்டும் ஏன் போட மறந்துவிடுகிறோம்?

சதவீதம் போடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று கணக்குச் சொல்கிறது. அதற்கு எடுக்கும் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்டது. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. பீகாரிலிருந்து வந்த பையன் செய்த குற்றம் மேலே எண்ணில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் கீழே வகுக்கிற எண்ணில் அந்தப் பையன் சரியாகச் சேரவில்லை. வகுக்கிற எண் சிறியதாக இருந்தால் விடை பெரியதாகத்தானே வரும்? இதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

பதிவான குற்றம் வேறு, நடந்த குற்றம் வேறு என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். 2020-ல் இந்தியாவில் பதிவான மொத்தக் குற்றங்கள் முந்தைய வருஷத்தைவிட 28 சதவீதம் கூடின. கொரோனா ஊரடங்கு, வீட்டை விட்டு யாரும் வெளியே வராத வருஷம், வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குத் திரும்பிப் போன வருஷம். அந்த வருஷத்தில் எப்படிக் குற்றம் கூடியது? அப்போதைய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவு, அதாவது அரசு உத்தரவை மீறினார்கள் என்ற வழக்கு, 2019-ல் சுமார் 29 ஆயிரமாக இருந்தது, 2020-ல் 6 லட்சத்தைத் தாண்டியது. கடை திறந்தவரும் ரோட்டில் நின்றவரும் குற்றக் கணக்கில் ஏறினார்கள். திருட்டும் வழிப்பறியும் குறைந்துதான் இருந்தன. எண்ணைப் பார்த்தவுடன் பயப்படாமல், அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று. எந்த நாட்டிலும் எந்த ஊரிலும் குற்றம் செய்பவர்களில் இளவயது ஆண்கள்தான் அதிகம். நம் ஊருக்கு வேலைக்கு வருகிறவர்களில் பெரும் பங்கு அதே வயசுப் பையன்கள். அவர்களை ஒப்பிடுவதானால் நம் ஊரில் அதே வயசில் இருக்கும் பையன்களோடு ஒப்பிடுங்கள். நம் பாட்டியோடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் சேர்த்து ஒப்பிட்டால் அது நியாயமான கணக்கு இல்லை.

"அப்படியென்றால் ஆள் வந்தால் ஒன்றுமே ஆகாதா?" என்று கேட்பீர்கள். அப்படியும் சொல்லமாட்டேன். வெளிநாட்டு உதாரணம் ஒன்று. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஹூஸ்டன் நகரத்தில் வந்து இறங்கினார்கள். அங்கேயும் நம் டீக்கடைப் பேச்சுதான்: இவர்கள் வந்து ஊர் கெட்டுவிட்டது. ஹூஸ்டன், சான் அன்டோனியோ, ஃபீனிக்ஸ் ஆகிய மூன்று நகரங்களின் கணக்கை ஆராய்ந்து 2010-ல் ஒரு ஆய்வு வந்தது. ஹூஸ்டனில் கொலையும் வழிப்பறியும் ஓரளவு கூடியிருந்தன. சான் அன்டோனியோவில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. மொத்தத்தில் ஊர் பயந்த அளவுக்கு விளைவு இல்லை. ஹூஸ்டனில் கொலையானவர்களிலும் புயலுக்குத் தப்பி வந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரே புயல், ஒரே மக்கள். போய்ச் சேர்ந்த ஊருக்கு ஊர் விடை மாறுகிறது. அப்படியானால் வந்தவர்களின் குணத்தை மட்டும் பார்த்தால் போதாது. அவர்கள் எத்தனை பேர், எங்கே, எப்படிக் குடியமர்ந்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும்.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் தமிழ்நாட்டுக்கே வருவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கட்டம் கட்டமாக 3 லட்சம் பேர் இங்கே வந்து சேர்ந்தார்கள். அந்த வருஷங்களில் பெரிய குற்றங்கள் நடந்ததும் உண்மை. 1986 தீபாவளியன்று சென்னை சூளைமேட்டில் துப்பாக்கிச் சூடு. 1990-ல் கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் கொலை. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. ஆனால் இவையெல்லாம் ஆயுதம் ஏந்திய இயக்கங்கள் செய்தவை. முகாமில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் செய்தவை அல்ல. பழி யார் தலையில் விழுந்தது? வரிசையில் நின்றவர்கள் தலையில். 1991-க்குப் பிறகு முகாம்களில் கண்காணிப்பு இறுகியது. அகதி மாணவர்களுக்கு உயர்கல்வியில் இருந்த இடங்கள் நிறுத்தப்பட்டு, சில வருஷம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தன. தம்பிகளே, ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, யாரோ செய்த கொலைக்காகக் காலேஜ் வாசலில் நின்ற ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். ஒரு கூட்டத்தையே சந்தேகப்படுவதன் விலை அதுதான். 2021-ல் தமிழக அரசு அகதி முகாம் என்ற பேரையே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. முப்பத்தெட்டு வருஷம் கழித்து!

இப்போது 2023-க்கு வாருங்கள். ஜனவரி கடைசியில் திருப்பூரில் நடந்த ஒரு தகராறின் வீடியோ எல்லோர் செல்போனிலும் வந்தது. வடமாநிலத்தவர் தமிழர்களைத் துரத்துகிறார்கள் என்று ஊரே கொதித்தது. பீகார்க்காரர்கள் இரண்டு பேர் கைதானார்கள். மார்ச் முதல் வாரத்தில் அதே கதை தலைகீழாக வந்தது. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைக் கொல்கிறார்கள் என்று வேறு ஊரில், வேறு காரணத்துக்காக நடந்தவற்றின் வீடியோக்கள் வடக்கே பரவின. அதே நாட்களில் திருப்பூரில் ரயிலில் அடிபட்டு ஒரு பீகார்த் தொழிலாளி இறந்தார். கொலைதான் என்று நூற்றுக்கணக்கானவர்கள் கூடிவிட்டார்கள். கேமரா பதிவைக் காட்டிய பிறகுதான் விபத்து என்பது தெளிவானது. பீகார் அரசு அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துப் போனது. பொய்ச் செய்தி பரப்பியவர்கள் மேல் வழக்குகள் போடப்பட்டன. அதற்குள் எத்தனையோ பேர் மூட்டை கட்டி ரயில் ஏறிவிட்டார்கள். ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது பவர்டேபிள் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பது இங்கே இருக்கும் ஏற்றுமதியாளர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஜனவரியில் பயந்தது நாம், மார்ச்சில் பயந்தது அவர்கள். இரண்டுக்கும் ஒரு வீடியோ போதுமானதாக இருந்தது.

இந்தப் பேச்சில் நாம் மறந்துபோகிற ஆள் ஒருவர் உண்டு: குற்றத்துக்கு ஆளாகிற வெளியூர்க்காரர். சனிக்கிழமை வாரச் சம்பளம் கையில் வாங்கிக்கொண்டு, ஒன்றரை ஷிப்ட் முடித்து, ராத்திரி இருட்டில் லைன் வீட்டுக்கு நடந்து போகிறார். பாஷை தெரியாது. வழியில் போனைப் பிடுங்கிக்கொண்டு போனால் ஸ்டேஷனுக்குப் போவாரா? போனால் "உன் ஆதார் எங்கே, முதலாளி யார்" என்று தன்னையே கேட்பார்களோ என்று பயந்து பேசாமல் இருந்துவிடுவார். அந்தத் திருட்டு எந்தக் கணக்கிலும் வராது. அவர் செய்தால் பேப்பரில் செய்தி. அவருக்குச் செய்தால் செய்தியே இல்லை. ஒரே லைனைத் திரும்பத் திரும்பச் செக்கிங் செய்துவிட்டு, எல்லா டேமேஜும் அந்த லைனில்தான் என்று ரிப்போர்ட் எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

அதனால் என் முடிவு இதுதான். ஆள் வருவதால் மட்டும் குற்றம் வருவதில்லை. வந்தவர்களை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான் வருவதும் வராததும் இருக்கிறது. ஒரு அறையில் பன்னிரண்டு பேரை அடைத்து, புரோக்கர் கையில் சம்பளத்தைக் கொடுத்து, தெருவிளக்கு எரியாத சந்தில் குடிவைத்தால் எந்த ஊர்க்காரனும் ஒருநாள் சண்டை போடுவான். தமிழன் என்றாலும் போடுவான்.

நம் சங்கத்தில் முதலாளிகள் இருக்கிறீர்கள், மேனேஜர்கள் இருக்கிறீர்கள், வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறீர்கள். சம்பளத்தை நேராக அவரவர் பேங்க் கணக்கில் போடுங்கள். ஆட்களின் பேரும் ஊரும் போட்டோவும் உங்கள் ரிஜிஸ்டரில் இருக்கட்டும். அவர்கள் தப்புச் செய்தாலும் அது உதவும், காணாமல் போனாலும் அது உதவும். அவர்கள் பாஷை தெரிந்த ஒருவரை வைத்து, போன் தொலைந்தால் யாரிடம் சொல்வது என்று சொல்லிக்கொடுங்கள். அவர்கள் இருக்கும் சந்துக்கு விளக்கு கேட்டு மாநகராட்சிக்கு ஒரு மனு போடுங்கள். இதில் எதற்கும் பெரிய செலவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்கள். ஒரு வார்டை எடுத்துக்கொண்டு, அங்கே உண்மையில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், எத்தனை பேருக்குத் திருட்டுப் போனது, எத்தனை பேர் புகார் கொடுத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். உள்ளூர்க்காரர் வீட்டிலும் கேளுங்கள், வெளியூர்க்காரர் அறையிலும் கேளுங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால், அடுத்த வீடியோ வரும்போது பதில் சொல்ல நம்மிடம் ஏதாவது இருக்கும்.

நேரம் ஆகிவிட்டது, பந்தியும் தயார் என்று செயலாளர் அண்ணன் கை காட்டுகிறார்.