பிள்ளை பிறந்த பிறகு



தொடக்கநூல் 5ஆம் அதிகாரத்தில் ஒரு தலைமுறை அட்டவணை இருக்கிறது. இன்னார் பிறந்தார், இத்தனை ஆண்டு வாழ்ந்தார், இறந்தார் என்றே அது செல்லும். ஏனோக்கைப் பற்றி மட்டும் வேறொன்று சொல்கிறது. அவருக்கு 65 வயதில் மெத்துசேலா பிறந்தார். அதன்பின் 300 ஆண்டுகள் ஏனோக்கு கடவுளோடு நடந்தார். கவனியுங்கள், பிள்ளை பிறந்த பிறகு!

சேக்காட்டிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஆலைகளில் உழைக்கும் இளம் தந்தையர் சிலர் சொல்வதுண்டு: "நான் தினமும் குடிக்கிறவன் இல்லை ஃபாதர். சம்பளத்தன்று கூட்டாளிகளோடு மட்டும்தான்." அந்த ஒரு நாளில் நினைவு தப்பும்வரை குடிக்கிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் சம்பள நாள் பார்த்தா வரும்? நள்ளிரவில் வண்டியை எடுக்க வேண்டிய தகப்பன் எழுப்பினாலும் எழமாட்டார். போதையில் உறங்குகிறவர் அருகில் கைக்குழந்தையைப் படுக்க வைப்பதும் ஆபத்து. கை மேலே விழுந்து குழந்தைக்கு மூச்சு முட்டினாலும் அவருக்குத் தெரியாது. மாதத்தில் 29 நாள் நல்ல தகப்பனாக இருந்தால் போதாது. 30ஆம் நாளும் குழந்தைக்குத் தகப்பன் வேண்டும்.

திருமுழுக்கின்போது தீமையை விட்டுவிடுவதாகப் பெற்றோர் ஆலயத்தில் வாக்களிக்கிறார்கள். அன்று மாலையே விருந்துப் பந்தலுக்குப் பின்னால் பாட்டில் திறந்தால், அந்த வாக்கு என்னவாகும்?

"விட நினைக்கிறேன், முடியவில்லை" என்கிறீர்களா? தனியாகப் போராடாதீர்கள். குடிநோயும் ஒரு நோய்தான். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் தொடங்கிய பணிதான் இன்றைய டி.டி.கே. மருத்துவமனை. அங்கே குடும்பத்தாரையும் சேர்த்தே சிகிச்சை நடக்கிறது. குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவர்கள் மருத்துவரைக் கேட்டே நிறுத்துங்கள். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மீண்டும் விழுந்துவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்க அறுவை மருத்துவர் பாப் ஸ்மித், இரு பிள்ளைகளின் தந்தை. குடியை நிறுத்திய சில வாரங்களில் ஒரு மாநாட்டுக்குப் போனவர் மறுபடியும் அளவின்றிக் குடித்தார். ஆனால் நண்பர் ஒருவரின் துணையோடு எழுந்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஐத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தோழமை தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. அதன் கூட்டங்கள் சென்னையிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, குடியை விடும் விருப்பம் ஒன்றே போதும்.

தந்தையரே, இந்தச் சம்பள நாளில் நேரே வீட்டுக்கு வாருங்கள். சகோதரிகளே, அப்படி வருகிறவரிடம் பழைய கணக்கைக் கேட்காமல் சோறு போடுங்கள். நம் பிள்ளைகளை நம்மிடம் ஒப்படைத்த இறைவன், அவர்களைத் தெளிந்த கண்ணோடு பார்க்கும் வரத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.